சிறுபராயத் துன்பங்களும் உணர்வை இனங்காண முடியாத மனமும்

மனத்திலே எழுகின்ற உணர்வு உடலிலே தோன்றி வெளிப்படுவதைத் தமிழர் ‘மெய்ப்பாடு’ எனப் பெயரிட்டு அழைத்தனர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் இதற்கென்றே ‘மெய்ப்பாட்டியல்’ என ஓர் இயல் அமைந்துள்ளது. அழுகை, நகை, அச்சம், வெகுளி, உவகை, பெருமிதம், மருட்கை, இளிவரல் என மெய்ப்பாடுகள் எட்டு. அவை ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் அந்நூல் பகுத்துக் காட்டுகின்றது. உதாரணமாக, ஒருவன் அழுவது பிறர் தன்னை இழிவாக நடத்தியதனாலாக இருக்கலாம், உரியவரையோ உரியதையோ இழந்ததனாலாக இருக்கலாம், முன்னிருந்த நிலையிலிருந்து தளர்ந்ததனாலாக இருக்கலாம், வறுமையினாலாகவும் இருக்கலாம். கண்ணீர் ஒன்றுதான். அது புறப்படும் இடங்கள் வேறு. அவ்விடங்களைப் பிரித்தறிவது ஓர் அறிவு என்பதைப் பண்டைத் தமிழ் உணர்ந்திருந்தது.

இந்த அறிவு எல்லோருக்கும் இயல்பாகவே வாய்த்துவிடுகின்றது என்றுதான் பொதுவாகக் கருதப்படுகின்றது. பசி வந்தால் பசி என்று தெரிவதுபோல, கவலை வந்தால் கவலை என்று தெரியாதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் தமக்குள் எழுவது கவலையா, கோபமா, பயமா என்று பிரித்தறிய முடியாத மனிதர் பலர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றனர். அவர்களுட் பலருடைய சிறுபராயத்தைத் திரும்பிப் பார்க்கும்போது அங்கே ஏதோவொரு துன்பம் பேசப்படாமல் கிடப்பதைக் காணலாம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

இப்படியான ஒரு குடும்பத் தலைவரை எண்ணிப் பார்க்கலாம். வயது நாற்பத்தைந்து இருக்கும். உழைப்பாளி. பிள்ளைகளின் படிப்புக்கோ வீட்டுச் செலவுக்கோ ஒரு குறையும் வைக்காதவர். அவருடைய தாயார் இறந்துபோகின்றார். செத்தவீட்டில் பந்தல் போடுவதிலிருந்து வந்தவர்களுக்குத் தேநீர் கொடுப்பது வரை எல்லாவற்றையும் அவரே நின்று பார்க்கின்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எட்டுச் செலவு முடிந்து, அந்தியேட்டியும் முடிகின்றது. அதன் பின்னர் இரவில் நித்திரை இல்லை, நெஞ்சு இறுக்கம், தலையிடி, சாப்பாடு இறங்குவதில்லை.

“என்னப்பா செய்யுது?” என்று மனைவி கேட்கின்றார்.

“ஒண்டுமில்லை. நெஞ்சுக்குள்ள ஏதோ அடைச்சமாதிரிக் கிடக்கு.”

“அம்மாவை நினைச்சுக் கவலையோ?”

“சீச்சீ, கவலையெண்டு ஒண்டுமில்லை. சமிபாடு சரியில்லைப்போல.”

வைத்தியசாலையில் இதயத் துடிப்பைப் பதிந்து பார்க்கின்றார்கள், இரத்தமும் சோதிக்கப்படுகின்றது. யாவும் சரியாகவே உள்ளன. இன்னொரு வைத்தியரிடமும் காட்டுகின்றார். அங்கும் அதே பதில்தான். உறவினரோ, “பெத்த தாய்க்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், கல்நெஞ்சுக்காரன்” என்று தமக்குள் பேசிக்கொள்கின்றனர்.

அவர் பொய் சொல்லவில்லை. எதையும் ஒளிக்கவும் இல்லை. கவலை அவருடைய உடல் முழுவதும் நிறைந்திருக்கின்றது. அது கவலைதான் என்பது அவருக்கே தெரியவில்லை. இதுவே கவனிக்கப்பட வேண்டிய விடயமாகும்.

இந்நிலைக்கு இடப்பட்ட பெயர்

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் பணியாற்றிய உளமருத்துவர் பீற்றர் சிஃப்னியோஸ் என்பவர் 1970களின் தொடக்கத்தில் இந்நிலைக்கு ‘அலெக்சிதைமியா’ எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் ‘அ’ என்பது இன்மையையும், ‘லெக்சிஸ்’ என்பது சொல்லையும், ‘தைமோஸ்’ என்பது உணர்வையும் குறிக்கும். ‘உணர்வுக்குச் சொல் இன்மை’ எனத் தமிழில் கூறலாம். காரணம் காணமுடியாத உடல் நோவுகளோடு தம்மிடம் வந்த நோயாளரிடம், “அப்போது உங்களுக்கு மனத்தில் எப்படி இருந்தது?” என்று கேட்டபோது, அவர்கள் நடந்த சம்பவத்தை விபரமாகச் சொன்னார்களேயன்றி உணர்வைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல இயலாதிருந்தனர். சிஃப்னியோசும் அவருடைய சகாவான ஜோன் நெமையாவும் இதனை அவதானித்தே இக்கருத்தை முன்வைத்தனர்.

இந்நிலைக்கு மூன்று அடையாளங்கள் முதன்மையாகக் கூறப்படுகின்றன. முதலாவது, தமக்குள் எழும் உணர்வை இனங்காண்பதிலும், அதனை உடல் நோவிலிருந்து பிரித்தறிவதிலும் இடர்ப்படுதல். இரண்டாவது, உணர்வைப் பிறருக்குச் சொல்லால் எடுத்துரைக்க இயலாமை. மூன்றாவது, சிந்தனை உள்ளே திரும்பாமல் வெளியிலுள்ள வேலைகளையும் விபரங்களையுமே சுற்றிவருதல். இவற்றை அளவிடுவதற்குக் கனடாவின் ரொறன்ரோ நகர ஆய்வாளர்கள் உருவாக்கிய வினாக்கொத்தின் 20 கூற்றுக்கள் கொண்ட வடிவம் 1994 முதல் உலகின் பல நாடுகளில் பயன்பட்டு வருகின்றது. இத்தகையோர் பிறருடைய முகத்தில் தோன்றும் உணர்வை வாசிப்பதிலும் பின்தங்குவதுண்டு. தன் மனத்தை அறியாதவர் மற்றவர் மனத்தை ஊகிப்பது கடினந்தானே.

இது ஒரு நோய் அன்று. ஒரு மனப்பாங்கு மட்டுமே. சிலரிடம் சிறிதளவும் சிலரிடம் மிகுதியாகவும் காணப்படும். பின்லாந்து நாட்டில் பொதுமக்களிடையே நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வொன்றில் ஆண்களில் 17 வீதமானோரிடமும் பெண்களில் 10 வீதமானோரிடமும் இது குறிப்பிடத்தக்க அளவில் இருந்தமை தெரியவந்தது.

பிள்ளை உணர்வின் பெயரைக் கற்கும் விதம்

குழந்தை பிறக்கும்போதே அழத் தெரிந்து பிறக்கின்றது. ஆனால் தான் ஏன் அழுகின்றது என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுப்பவர் அதனைத் தூக்கி வைத்திருப்பவரே.

இடி முழங்குகின்றது. பிள்ளை திடுக்குற்று ஓடிவந்து அம்மம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைக்கின்றது. “என்ர குஞ்சு பயந்திட்டுதோ? இடியடா ராசா, அம்மம்மா இருக்கிறன்தானே” என்று அவர் முதுகைத் தடவுகின்றார். இந்தச் சிறு சம்பவத்தில் மூன்று பாடங்கள் நடந்துவிடுகின்றன. நெஞ்சு படபடப்பதற்குப் ‘பயம்’ என்று பெயர் என்பது ஒன்று. அந்தப் பயம் இடியினால் வந்தது என்பது மற்றொன்று. பயந்தாலும் அது தணியும், தணிக்க ஒருவர் இருக்கின்றார் என்பது மூன்றாவது. இவ்வாறு ஆயிரம் தடவை நடந்த பின்னரே பிள்ளை தானாக, “எனக்குப் பயமாக் கிடக்கு” என்று சொல்லக் கற்றுக்கொள்கின்றது.

அமெரிக்க உளவியலாளர் எட்வேட் ட்ரொனிக் 1970களில் ஒரு பரிசோதனையை நடத்தினார். தாய் முதலில் தன் கைக்குழந்தையோடு வழமைபோல் கொஞ்சிப் பேசுவார். பின்னர் ஓரிரு நிமிடம் முகத்தில் எந்த மாற்றமும் காட்டாமல் சிலைபோலக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் எழுப்பும். ஒன்றுக்கும் பதில் கிடைக்காதபோது முகத்தைத் திருப்பி வாடிப்போகும், அல்லது அழத் தொடங்கும். தாய் மீண்டும் சிரித்துப் பேசியதும் படிப்படியாகப் பழைய நிலைக்குத் திரும்பும். அந்த ஓரிரு நிமிடங்களில் அக்குழந்தையை யாரும் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. தன் முகத்துக்கு எதிரே பதில் தரும் இன்னொரு முகம் இல்லாமற் போனது மாத்திரமே அங்கு நடந்தது.

எந்தத் தாயும் எந்நேரமும் பிள்ளையின் முகம் பார்த்து இருக்க முடியாது. அது தேவையுமில்லை. தவறவிட்டதைத் திரும்பி வந்து சரிசெய்தால் போதும் என்பதே இவ்வாய்வுகள் தரும் ஆறுதல். ஆனால் திரும்பி வரும் முகமே இல்லாத வீட்டில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளரும் பிள்ளையின் நிலை என்ன என்பது சிந்திக்கத்தக்கது.

துன்பம் சொல்லைப் பறிக்கும் வழிகள்

சிறுபராயத் துன்பங்கள் பற்றிய மிகப் பெரிய ஆய்வுகளுள் ஒன்று அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் நடைபெற்றது. வைத்தியர்களான வின்சென்ற் ஃபெலிற்றி, ரொபேட் அன்டா ஆகியோரின் தலைமையில் நடந்த அவ்வாய்வின் முதல் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. உடல், சொல், பாலியல் ரீதியான துன்புறுத்தல்கள், வீட்டில் தாய் தாக்கப்படுதல், மது மற்றும் போதைப்பழக்கம், மனநோய், வீட்டவர் சிறை செல்லல் முதலியவை பற்றி வளர்ந்தோரிடம் கேட்கப்பட்டது. அரைவாசிக்கு மேற்பட்டோர் குறைந்தது ஒன்றையாவது அனுபவித்திருந்தனர். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களை அனுபவித்தோரிடம் மது அடிமைநிலை, போதைப்பொருள் பாவனை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான ஆபத்து, எதையும் அனுபவியாதோரைவிட 4 முதல் 12 மடங்கு வரை உயர்ந்திருந்தது.

சிறுபராயத் துன்பத்துக்கும் உணர்வை அறியாமைக்கும் உள்ள தொடர்பைப் பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி நோக்கிய தொகுப்பாய்வொன்று 2023இல் வெளியானது. அதில் 36,000க்கு மேற்பட்டோரின் தகவல்கள் அடங்கியிருந்தன. சிறுவயதில் துன்புறுத்தலுக்கும் புறக்கணிப்புக்கும் ஆளானோரிடம் இவ்வியலாமை கூடுதலாகக் காணப்படுவதை அது உறுதிப்படுத்தியது. அதிலே மிக முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அடி உதையைவிட, மனத்தைப் புண்படுத்தும் ஏச்சும், பிள்ளையின் உணர்வைக் கண்டுகொள்ளாத புறக்கணிப்பும், உண்ண உடுக்கப் பார்க்க ஆளில்லாமையுமே இவ்வியலாமையோடு வலுவான தொடர்பு கொண்டிருந்தன. அடியின் தழும்பு கண்ணுக்குத் தெரியும். யாரும் ஒன்றும் கேட்காமல் விட்டதன் தழும்பு தெரிவதில்லை.

இது நிகழும் வழிகள் மூன்று எனலாம்.

முதலாவது, சொல்லிக் கொடுக்க ஆளின்மை. உணர்வுக்குப் பெயர் சூட்டுபவர் இல்லாதவிடத்து, பிள்ளைக்கு நெஞ்சு படபடப்பு மட்டும் தெரியும், ‘பயம்’ தெரியாது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேத் பொலக் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், புறக்கணிக்கப்பட்ட பிள்ளைகள் முகங்களிலுள்ள வெவ்வேறு உணர்வுகளைப் பிரித்தறிவதில் மற்றவர்களைவிட அதிகம் இடர்ப்பட்டனர்.

இரண்டாவது, உணர்வை வெளிக்காட்டுவது ஆபத்தாதல். அழுதால் அடி விழும், கோபித்தால் இன்னும் அடி விழும் என்றால், பிள்ளை அழுகையை விழுங்கப் பழகுகின்றது. பிறருக்கு மறைப்பதில் தொடங்கும் பழக்கம் நாளடைவில் தனக்கே மறைப்பதில் முடிகின்றது. அத்தகைய பிள்ளையின் கவனமெல்லாம் வீட்டிலுள்ள பெரியவரின் முகத்திலேயே இருக்கும். அடிபட்டு வளர்ந்த பிள்ளைகள், ஒரு முகத்தில் கோபம் முழுமையாகத் தோன்றுமுன்னரே அதனைக் கண்டுகொள்கின்றனர் எனப் பொலக்கின் 2002ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. படலை திறக்கும் சத்தத்தைக் கொண்டே அப்பா குடித்துவிட்டு வருகிறாரா என்று அறியும் பிள்ளைக்குத் தன் மனத்தைப் பார்க்க நேரமேது?

மூன்றாவது, உடல் ஓயாத விழிப்பில் இருத்தல். தொடர்ந்து அச்சத்தில் வாழும் பிள்ளையின் உடலில் நெருக்கீட்டுச் சுரப்புக்கள் அடிக்கடி உயர்கின்றன. இதயத் துடிப்பு, மூச்சு, வயிறு ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகளை ‘இன்சுலா’ எனப்படும் மூளைப் பகுதி உணர்ந்து கொடுக்க, அவற்றிலிருந்தே மனம் தன் உணர்வை அறிந்துகொள்கின்றது. எந்நேரமும் அபாயச் சங்கு ஊதிக்கொண்டிருந்தால் காது மரத்துப்போவதுபோல, அச்செய்திகள் தெளிவற்றுப் போகின்றன.

போரின் நடுவே வளர்ந்த தலைமுறை

இவ்விடயம் இலங்கையின் வடக்கு, கிழக்கு மக்களுக்கு வெறும் ஏட்டுப் படிப்பன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் ஒரு முழுத் தலைமுறை பிறந்து வளர்ந்து பெற்றோராகியும் விட்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோரப் பிள்ளைகள் பலரைத் தாயற்றோராக்கியது. வடக்கு, கிழக்கில் போராலும் ஆழிப்பேரலையாலும் பாதிக்கப்பட்ட பகுதிகளைச் சேர்ந்த 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், பத்தில் மூவர் என்ற அளவில் மனவடுவுக்குப் பிற்பட்ட நெருக்கீட்டு நோய் காணப்பட்டது. போரும் பேரலையும் மட்டுமன்றி, வீட்டினுள் நிகழ்ந்த வன்முறையும் அப்பிள்ளைகளின் மனத்தைப் பாதித்திருந்தது. தந்தையின் மதுப் பழக்கம் அவ்வன்முறையோடு தொடர்புற்றிருந்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக நீண்டகாலம் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்ப உறவுகளையும் பிள்ளை வளர்ப்பு முறையையும் மாற்றிவிடுகின்றது என்பதைத் தமது ஆய்வுகளில் எடுத்துக்காட்டியுள்ளார். அவநம்பிக்கையும் மௌனமும் முழுச் சமூகத்தின் பழக்கங்களாகிவிட்டமையை அவர் 2007இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கியுள்ளார்.

அக்காலத்துத் தாய்மாரைக் குறை கூற எவருக்கும் உரிமை இல்லை. செல் விழும்போது பங்கருக்குள் பிள்ளையின் வாயைப் பொத்திப் பிடித்த தாய் அப்பிள்ளையின் உயிரைக் காப்பாற்றினாள். “சத்தம் போடாதை, அழாதை” என்பது அன்று மிகச் சரியான சொல். காணாமற்போன கணவனைத் தேடி அலைந்த தாய்க்கு, “பிள்ளை, உனக்குக் கவலையாக் கிடக்கோ?” என்று கேட்க மனத்தில் இடமிருக்கவில்லை. தவறு யாருடையதும் அன்று. ஆனால் செல் நின்ற பின்னரும் ‘அழாதை’ என்ற சொல் வீடுகளில் நின்றுவிட்டது. “ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது”, “பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன கோபம்?” என்ற பழைய சொற்களும் அதனோடு சேர்ந்துகொண்டன.

தவிர்க்க வேண்டிய தவறான எண்ணங்கள்

இவ்விடயத்தைப் பேசும்போது சில தெளிவுகள் அவசியமாகும்.

உணர்வைச் சொல்லத் தெரியாதவர் உணர்வற்றவர் அல்லர். முன்னர் கூறிய எடுத்துக்காட்டில் மகனின் உடல் தாய்க்காகத் துக்கம் காத்தது. அத்துக்கம் சொல்லாகவில்லை, நெஞ்சு இறுக்கமாயிற்று. ‘கல்நெஞ்சு’ என்ற பட்டம் அவருக்குச் சிறிதும் பொருந்தாது.

உடலைக் கொண்டு உணர்வைச் சொல்வது குறைபாடும் அன்று. ‘வயிறு எரியுது’, ‘நெஞ்சு பதைக்குது’, ‘ஈரல்குலை நடுங்கிச்சுது’ என்று சொல்லும் ஆச்சிக்குத் தன் மனத்தில் இருப்பது நன்றாகத் தெரியும். ‘வயிறு எரியுது’ என்பவர் தம் மனத்தாங்கலைச் சொல்கின்றார். அதே மனத்தாங்கலை வயிற்று நோவு என்றே நம்பி மருந்து தேடுபவரே இங்கு பேசப்படுபவர்.

துன்பப்பட்ட பிள்ளைகள் யாவரும் இப்படி ஆவதில்லை. ஓர் அம்மம்மாவோ, மாமாவோ, ஓர் ஆசிரியரோ கேட்டுப் பேசியதனால் நன்றாக வளர்ந்தோர் மிகப் பலர். அதுபோல, இவ்வியலாமை உள்ளோர் யாவரும் சிறுவயதில் துன்பப்பட்டவர்களும் அல்லர். பரம்பரை இயல்பு, ஓட்டிசம், தலையில் ஏற்பட்ட காயம் முதலியனவும் காரணமாகலாம்.

வீட்டில் ஏற்படும் விளைவுகள்

பெயர் தெரியாத உணர்வு தானாக மறைந்துவிடுவதில்லை. வேறு வழி தேடுகின்றது. சிலருக்கு அது தலையிடியாகவும் உடம்பு உளைவாகவும் வருகின்றது. சிலர் மாலையானதும் மதுவை நாடுகின்றனர். “ஏன் குடிக்கிறாய்?” என்று கேட்டால் அவர்களுக்கே காரணம் தெரிவதில்லை. இன்னும் சிலருக்கு எல்லா உணர்வும் கோபமாகவே வெளிவருகின்றது. மகள் நேரம் தாழ்ந்து வீடு வந்தபோது தந்தையின் மனத்தில் இருந்தது பயம். வாயில் வந்ததோ ஏச்சு. அப்பாவுக்குத் தன்மேல் வெறுப்பு என்று மகள் விளங்கிக்கொள்கின்றாள்.

கணவன் மனைவியரிடையே இது பெரிய இடைவெளியை உண்டாக்குகின்றது. “உங்களோட கதைக்கிறதும் சுவரோட கதைக்கிறதும் ஒண்டு” என்று மனைவி சலித்துக்கொள்ள, தான் எங்கே தவறினேன் என்று கணவனுக்கு விளங்குவதில்லை. யாவற்றிலும் கவலைக்குரியது, சொல்லற்ற வீட்டில் வளரும் பிள்ளையும் சொல்லற்றே வளர்வதாகும். யாரும் விரும்பிக் கொடுக்காத முதுசொம் இது.

வளர்ந்தோர் செய்யக்கூடியவை

இளமையில் தவறிய பாடத்தைப் பின்னரும் கற்கலாம். உளச்சிகிச்சை மூலம் இவ்வியலாமை குறைவடைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. உணர்வுக்குப் பெயரிடுவது மனத்தை அமைதிப்படுத்துகின்றது என்பதற்கும் சான்றுண்டு. கலிபோர்னியாவில் மத்தியூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கலங்கிய முகப் படங்களைப் பார்த்தவர்கள் அதிலுள்ள உணர்வைச் சொல்லால் பெயரிட்டபோது, அபாயத்தை உணர்த்தும் மூளைப் பகுதியின் செயற்பாடு தணிந்தது.

முதலில் ஓர் எச்சரிக்கை. நெஞ்சு நோவோ மூச்சுத் திணறலோ வந்தால் ‘இது மனக்கவலை’ என்று வீட்டிலேயே முடிவு செய்யக்கூடாது. உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். உடலில் நோயில்லை என்று உறுதியான பின்னரே பின்வருவன பொருந்தும்.

1. உடலிலிருந்து தொடங்குதல்: ‘என் மனத்தில் என்ன?’ என்ற கேள்விக்கு விடை வராதவர், ‘என் உடலில் எங்கே, என்ன?’ என்று கேட்கலாம். தொண்டை அடைப்பு, கை குளிர்தல், தாடை இறுக்கம் என்பவற்றைக் கவனிப்பதே முதற்படி.

2. நேரத்தைப் பார்த்தல்: அது எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன் நடந்தது என்ன, யார் என்ன சொன்னார் என்று நினைவுகூர வேண்டும். ஒரு கொப்பியில் நாளுக்கு இரண்டு வரி எழுதினாற் போதும். சில வாரங்களில் ஓர் ஒழுங்கு தெரியவரும்.

3. சொல்லைத் தேர்தல்: ‘ஒருமாதிரிக் கிடக்கு’ என்று விடாமல் ஒரு சொல்லைப் பொருத்திப் பார்க்க வேண்டும். கோபம்போலத் தெரிவது அவமானமாக இருக்கலாம். சோம்பல்போலத் தெரிவது துக்கமாக இருக்கலாம். அழுகைக்கு நான்கு காரணம் பகுத்த முறை இங்கு கைகொடுக்கும். இழிவா, இழப்பா, தளர்ச்சியா, வறுமையா என்று தன்னைத்தானே கேட்டுப் பார்க்கலாம்.

4. துணையாக இருப்போர் செய்வது: “ஏன் இப்பிடி இருக்கிறியள்?” என்ற கேள்வி இத்தகையோரைத் திணறடிக்கும். மாறாக, “இது கவலையோ, இல்லாட்டிக் களைப்போ?” என்று இரண்டு சொற்களை முன்வைத்துக் கேட்பது இலகு. உடனே விடை வராவிட்டால் பொறுத்திருக்க வேண்டும். விடை மறுநாளும் வரலாம்.

5. உதவி நாடுதல்: நித்திரையின்மை, மனச்சோர்வு, பதகளிப்பு, மதுப் பழக்கம் ஆகியன தொடர்ந்தாலோ, உயிர்வாழ விருப்பமற்ற எண்ணம் தோன்றினாலோ தாமதியாமல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரையோ நாட வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்தெடுப்பது வெட்கமில்லை, இதுவும் அத்தகையதே.

பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியவை

பிள்ளைக்கு இப்பாடத்தைச் சொல்லிக் கொடுப்பதற்குப் பணமோ பட்டமோ தேவையில்லை. விழுந்து அழும் பிள்ளையிடம் “ஒண்டுமில்லை, எழும்பு” என்பதற்குப் பதிலாக, “நொந்திட்டுதோ? பயந்தும் போனாய் என்ன?” என்று கேட்டாற் போதும். சோதனையில் புள்ளி குறைந்த பிள்ளையிடம் முதலில், “உனக்கே கவலையாத்தானே இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் பின்னர் படிப்பைப் பற்றிப் பேசலாம். உணர்வை ஏற்றுக்கொள்வது தவறான செயலை ஏற்றுக்கொள்வதாகாது. “தம்பியோட கோபம் வந்தது சரி, அடிச்சது பிழை” என்று இரண்டையும் பிரித்துச் சொல்லலாம்.

பெரியவர் தம் உணர்வையும் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். “அப்பா பயந்துபோய்த்தான் ஏசினனான், அது பிழைதான்” என்று மகளிடம் ஒரு தந்தை சொல்வாரானால், மகள் அன்று கற்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாதது. இதனால் தந்தையின் மதிப்புக் குறைவதில்லை.

தாய் தந்தையரை இழந்தோ பிரிந்தோ வாழும் பிள்ளைகளுக்கு இது மேலும் அவசியமாகும். ருமேனியா நாட்டில் அநாதை இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளைக் கொண்டு 2000களின் தொடக்கம் முதல் நடைபெற்ற ஆய்வில், குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தைகள், இல்லத்திலேயே விடப்பட்டோரைவிட மகிழ்ச்சியை அதிகம் வெளிக்காட்டினர். இழந்ததை முழுமையாக ஈடுசெய்ய முடியாவிடினும், ஒருவர் அருகிலிருந்து முகம் பார்த்துப் பேசும்போது பிள்ளை மலர்கின்றது. பெற்றோர் வெளிநாட்டிலிருக்க அப்பம்மாவோடு வளரும் பிள்ளைக்கு அந்த ஒருவர் அப்பம்மாவே. பாடசாலையில் ஒதுங்கியிருக்கும் மாணவனுக்கு அந்த ஒருவர் அவனுடைய ஆசிரியராக இருக்கலாம். எங்காவது ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுவது தெரியவந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்துக்கு அறிவிப்பது அயலவரின் கடமையாகும்.

முடிவுரை

பசித்த பிள்ளைக்குச் சோறு கொடுப்பதை எவரும் மறப்பதில்லை. பயந்த பிள்ளைக்குப் ‘பயம்’ என்ற சொல்லைக் கொடுப்பதும் அத்தகைய கொடையே. அதனைப் பெறாமலே வளர்ந்தவர்கள் இன்று தந்தையராகவும் தாய்மாராகவும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றனர். அவர்களைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்குவதைவிட, ஒரு நாள் மாலை விறாந்தையில் அருகே இருந்து, “மனசுக்கு எப்பிடிக் கிடக்கு?” என்று கேட்பது பயனுடையது. முதலில் “ஒண்டுமில்லை” என்றுதான் பதில் வரும். அப்பதிலோடு எழுந்து போய்விடாமல் சற்று நேரம் கூட இருப்பவரிடமே, என்றோ ஒரு நாள், “அம்மா இல்லாதது கவலையாத்தான் கிடக்கு” என்ற சொல் வரும். நாற்பத்தைந்து வயதில் வந்தாலும் அச்சொல் காலந் தாழ்த்தி வந்ததாகாது. அதனைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளை, அதனைத் தன் ஐந்து வயதிலேயே கற்றுக்கொண்டுவிடும்.